துவைனம் என்னும் குடும்பப் பெயர்

யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபர்களாக இருந்த ஆங்கிலேயருள் இருவர் தமது நீண்டகால ஆட்சியினால் ஏனையோரினின்றும் வேறுபட்டு நிற்பர். ஒருவர் 1829 தொடக்கம் 1867 வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வடபகுதியின் நிருவாகத்தைத் தம் கையில் வைத்திருந்த டைக் துரை. மற்றவர் 1869 தொடக்கம் 1896 வரை அப்பதவியை வகித்த சேர் வில்லியம் துவைனம். வரலாறு பயிலும் மாணவர் இவர்களை வரி, தெரு, முத்துக்குளிப்பு, பஞ்சம், கொள்ளைநோய் முதலிய விடயங்களோடு சேர்த்தே கற்பர். நான் ஈண்டு எழுதப் புகுந்தது இவற்றுள் எதைப்பற்றியுமன்று. இரண்டாமவரின் பெயரைப் பற்றியே எழுதுகிறேன். சிமித், பிறவுண், ரெய்லர், வில்சன் என்னும் பெயர்களைப் பாடநூல்களிலே கண்டு பழகிய நமக்குத் துவைனம் என்ற பெயர் ஆங்கிலப் பெயராகவே தோன்றுவதில்லை. மெல்லினத்தில் முடியும் அதன் ஈற்றைக் கேட்டால் வடமொழிச் சொல்லொன்று திரிந்ததோ என்றுகூட ஐயுற இடமுண்டு. ஆனால் அது தூய ஆங்கிலப் பெயர். ஆங்கிலேயர் நடுவிலேயே மிக அரிதாய் வழங்குவது. ஆங்கிலத் துரை ஒருவரின் பெயரை ஆராய்வதால் தமிழுக்கு ஆவதென்ன என்று விடுதித் தோழியர் சிலர் வினவினர். அவ்வினா நியாயமானதே. கட்டுரையின் பிற்பகுதி அவர்களுக்கு ஒருவாறு விடையாகலாம்.

தென் இங்கிலாந்தின் கரையோரத்தில் ஏவன், ஸ்ரவர் என்னும் இரண்டு ஆறுகள் கடலோடு கலக்குமுன் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. அவற்றின் இடையே கிடக்கும் மேட்டு நிலத்தில் பழைய ஊரொன்று உண்டு. கி.பி. 899இல் அல்பிறட் பேரரசன் இறந்தபோது, அவன் மகன் எட்வேட் முடிசூடுவதை ஏற்காத தமையன் மகன் எதெல்வோல்ட் இரண்டு இடங்களைக் கைப்பற்றிக் கலகஞ் செய்தான். அவற்றுள் ஒன்று இவ்வூர். அச்செய்தியைக் கூறும் ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றுக் குறிப்பேடு ஊரின் பெயரை ட்வெயொக்ஸ்னேயாம் என எழுதுகிறது. நோர்மானியர் 1086இல் தொகுத்த டூம்ஸ்டே பதிவேட்டில் அதே பெயர் துயினாம் எனச் சுருங்கிக் காணப்படுகிறது. பழைய ஆங்கிலத்தில் ஏயா என்பது ஆறு. ஏயாம் என்பது வேற்றுமை ஏற்ற அதன் பன்மை வடிவம். முற்பகுதி ‘இடையே’ என்னும் பொருளது. இரண்டைக் குறிக்கும் ஆங்கில எண்ணுப்பெயரும் இரட்டையரைக் குறிக்கும் சொல்லும் அதன் உறவினவே. ஆகவே ‘ஆறுகளுக்கு இடையே’ என்பதுதான் பெயரின் பொருள். சுந்தரர் பாடிய தலங்களுள் ஒன்றாகிய இடையாற்றின் பெயரை அறிந்த தமிழருக்கு இத்தகைய பெயரீடு புதுமையாகத் தோன்றாது.

இப்பெயரின் எழுத்து வடிவத்தில் நான் கண்டு மகிழ்ந்த செய்தியொன்றைச் சொல்லாமல் மேற்செல்ல மனமில்லை. பேர்மிங்ஹாம், நொற்றிங்ஹாம் என ஆங்கில ஊர்ப்பெயர்கள் பல ‘ஹாம்’ என முடியும். அது குடியிருப்பைக் குறிக்கும் வேறொரு சொல். பிற்காலத்து எழுத்தர் நம் ஊரின் ஈற்றையும் அதுவென்றே மயங்கித் துவைன்ஹாம் என ஒரு ஹகரத்தைச் சேர்த்து எழுதலாயினர். ஆற்றைக் குறித்த சொல் வீட்டைக் குறிப்பதுபோல் மாறிற்று. யாழ்ப்பாணத்து அதிபர் தம் பெயரை ஹகரமின்றியே எழுதினார். அவர் மரபில் வந்த அந்த எழுத்து வழக்கு, புலவர் எவரும் திருத்தாமலே, டூம்ஸ்டே பதிவேட்டின் வடிவத்துக்கு நெருங்கி நிற்கிறது.

ஊரோ தன் பெயரை இழந்தது. 1094ஆம் ஆண்டளவில் றனுல்வ் பிளம்பாட் என்னும் அரசவை அதிகாரி அங்கே பெரிய தேவாலயம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். கிறிஸ்துவின் பெயரால் அமைந்த அக்கோயிலின் புகழ் ஓங்க, ஊரும் ‘துவைன்ஹாம் கிறைஸ்ட்சேர்ச்’ என இரட்டைப் பெயர் பெற்று, காலப்போக்கில் கிறைஸ்ட்சேர்ச் என்றே நின்றுவிட்டது. 1974இல் நிருவாக எல்லைகள் மாற்றப்பட்டபோது, நூற்றாண்டுகளாக ஹம்ஷயர் மாவட்டத்தில் இருந்த ஊர் டோசெற் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. பெயரும் போயிற்று, மாவட்டமும் போயிற்று. ஊர்ப்பெயர் ஊரைவிட்டு மனிதர்மேல் ஏறிக்கொண்டதனாலேயே இன்றும் உயிரோடிருக்கிறது.

எவ்வாறு ஏறிக்கொண்டது? இங்கேதான் இப்பெயர்களின் இயல்பு பற்றி நான் அறிந்தவற்றுள் மிகச் சுவையானதொன்று அடங்கியிருக்கிறது. ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் தொழிலால் வந்தவை, தந்தை பெயரால் வந்தவை, உருவம் குணம் ஆகியவற்றைச் சுட்டும் பட்டப்பெயரால் வந்தவை, இடத்தால் வந்தவை என நால்வகைப்படும். முதல் மூன்றும் பிறந்த ஊரிலேயே ஒருவனுக்கு வாய்க்கலாம். கொல்லனை அவன் ஊரவரே கொல்லன் என்பர். ஆனால் துவைனம் ஊரிலே வாழும் ஒருவனைத் ‘துவைனத்தான்’ என்று அழைப்பதிற் பயனென்ன? அங்குள்ளோர் அனைவரும் துவைனத்தாரே. அவன் ஊரைவிட்டு நீங்கி வின்செஸ்ரர் சந்தைக்கோ வேறொரு பண்ணைக்கோ சென்று குடியேறிய பின்னரே அயலவர் அவனை அவ்வாறு குறிப்பர். எனவே ஊர்வழிக் குடும்பப் பெயர் என்பது ஒருவன் எங்கே இருந்தான் என்பதைக் காட்டிலும் எங்கிருந்து போய்விட்டான் என்பதையே கூறுவது.

நம் இலக்கிய வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. சங்கப் புலவருள் ஒருவர் ஈழத்துப் பூதன்தேவனார். அவருடைய பாடல்கள் அகநானூற்றிலும் குறுந்தொகையிலும் நற்றிணையிலும் இடம்பெறுகின்றன. ஈழத்து இலக்கிய வரலாறு எழுதுவோர் அவரிலிருந்தே தொடங்குவது மரபாகிவிட்டது. அப்பெயரை நாம் பெருமையோடு சொல்கிறோம். எனினும் ஈழத்திலிருந்த காலத்தில் அவர் ஈழத்துப் பூதன்தேவனாராக இருந்திருக்க முடியாது. மதுரைக்குப் போன பின்னரே அவர்க்கு ஈழம் பெயரோடு ஒட்டியிருக்கும். ‘மதுரை ஈழத்துப் பூதன்தேவனார்’ என அவர் பெயர் வழங்குவதும் நோக்கற்பாலது. சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவரின் பெயரும் அத்தகையதே. சுன்னாகத்தவர்க்கு அவர் குமாரசுவாமிப் புலவர். அவருடைய நூல்களைத் தமிழகத்திலிருந்து படிப்போருக்கே முன்னாலுள்ள ஊர் தேவைப்பட்டது.

ஆயின் பூதன்தேவனாரின் பிள்ளைகளும் பேரர்களும் ஈழத்தார் என்ற பெயரைச் சுமந்து திரிந்தனர் என்று கொள்வதற்கில்லை. ஆங்கில நாட்டில் அதுதான் நிகழ்ந்தது. 1066இல் நோர்மானியர் வந்தபின், நிலமுடைய பிரபுக்களிடையே தந்தையின் அடைப்பெயரை மகனும் தாங்கும் வழக்கம் முதலில் வேரூன்றியது. நிலத்துக்கு உரிமை கோருபவனுக்கு அந்நிலத்தின் பெயரே சாசனமாயிற்று. பின்னர் நகர வணிகரும் குடியானவரும் அவ்வழக்கத்தைப் பின்பற்றினர். தென் இங்கிலாந்தில் பதினான்காம் நூற்றாண்டின் முடிவுக்குள் பெரும்பாலானோர் குடும்பப் பெயர் உடையவராயினர். வடக்கே இது பிந்தியது. வேல்சில் இன்னும் மிகப் பிந்தியது. 1370களிலும் 1381இலும் தலைவரி திரட்டிய அதிகாரிகளின் ஏடுகளும், 1538 முதல் ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதியவேண்டுமென வந்த ஆணையும் பெயர்களை மேலும் இறுகச் செய்தன. அரசு தன் குடிகளை எண்ணவும் வரிவிதிக்கவும் தொடங்கும்போதுதான் பெயர்கள் உறைகின்றன என்பது என் கருத்து. பெயர் உறைந்தபின் அதன் பொருள் இறந்துவிடுகிறது. கொல்லன் என்னும் பெயருடையவன் தையற்காரனாகிறான். ஆறுகளிடைப் பிறந்தவன் பெயர் ஆறே இல்லாத நாட்டுக்கும் போகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றைத் தவிர வேறு ஆறில்லை என்பதை நினைத்தால், இருபத்தேழு ஆண்டுகள் அதை ஆண்டவரின் பெயர் ஒரு வேடிக்கையாகவே தோன்றுகிறது!

இனி, இப்பெயர் ஏன் அரிதாயிற்று என்பதைப் பார்ப்போம். கொல்லர் இல்லாத ஊர் இல்லை. ஆதலின் சிமித் என்னும் பெயர் ஒரே காலத்தில் ஆயிரம் இடங்களில் முளைத்தது. ஆறுகளுக்கு இடையே என்று பெயர்பெற்ற ஊர்களோ மிகச்சில. ஹம்ஷயரில் இருந்தது ஒன்று. சசெக்ஸ் மாவட்டத்தில் அதே பொருளுடைய மற்றொன்று இன்னும் இருக்கிறது. சிற்றூரொன்றை விட்டுப் புறப்பட்டோர் சிலர். அவர்களுள் பெயர் உறையும் காலம்வரை ஆண் வாரிசு நிலைத்தோர் இன்னும் சிலர். 1348, 1349ஆம் ஆண்டுகளின் பெருங்கொள்ளைநோய் இங்கிலாந்து மக்களுள் மூன்றிலொரு பங்கினரையோ அதற்கு மேலாகவோ அழித்தபோது, ஒரேயொரு வீட்டில் மட்டும் வாழ்ந்த பெயர்கள் எத்தனை அந்த வீட்டோடு மாண்டிருக்கும்!

நோயும் போரும் இல்லாவிடினும் பெயர் அழியும். இதனைக் கணித முறையில் ஆராய்ந்தவர்கள் பிரான்சிஸ் கோல்ற்றனும் வாற்சன் என்னும் கணிதம் வல்ல பாதிரியாரும் ஆவர். உயர்குடிப் பெயர்கள் மறைகின்றனவே என்னும் கவலையால் 1873இல் கோல்ற்றன் வினாவை எழுப்ப, வாற்சன் விடை கண்டார். ஒவ்வோர் ஆணுக்கும் சராசரியாக ஒரு மகனே பிறப்பதாகக் கொள்வோம். மக்கள்தொகை கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆயினும் ஒருவனுக்கு மூன்று புதல்வர் இருப்பர். மற்றொருவனுக்கு மகள்மாரே இருப்பர். வேறொருவன் மணம்புரியாமலே இறப்பான். ஒருமுறை மகனின்றிப் போன பெயர் பின் திரும்புவதில்லை. தலைமுறைகள் செல்லச் செல்ல எண்ணற்ற பெயர்கள் உதிர்ந்து, சில பெயர்களே பல்கிப் பெருகும். எல்லாப் பெயர்களும் இறுதியில் அழிந்தே தீருமென வாற்சன் முடித்தது பிழையென்பது 1930இல் நிறுவப்பட்டது. எனினும் அவர் காட்டிய வழி நின்றது. இதில் எனக்கொரு மனத்தாங்கல் உண்டு. அக்கணக்கில் மகள் என்பவள் வெறும் பூச்சியம். அவள் வழியில் இருபது பேரர் பிறந்தாலும் அக்கணக்கு அவர்களைக் காணாது. துவைனம் என்ற பெயர்தான் அரிதேயன்றி அக்குருதி அரிதென்று யாராற் சொல்ல முடியும்? பெண்கள்வழி அது எத்தனை சிமித்துகளிலும் பிறவுண்களிலும் கலந்து கிடக்கிறதோ!

ஆண்வழியை மட்டும் தொடர்ந்தால், அரிய பெயர்களுக்கும் குருதிக்கும் நெருங்கிய தொடர்பிருப்பதை அண்மைக்கால மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் வை நிறமூர்த்தமும் தந்தையின் பெயரும் ஒரே வழியில் நடப்பவை. 2000ஆம் ஆண்டில் பிரையன் சைக்ஸ் என்னும் ஒக்ஸ்போட் அறிஞர் தம் பெயருடைய ஆண்கள் 48 பேரைப் பரிசோதித்ததில் ஏறக்குறைய அரைவாசிப்பேர் ஒரே மரபு வடிவைக் கொண்டிருந்தனர். 2009இல் கிங், ஜொப்ளிங் என்னும் இருவர் 40 பெயர்களை ஆராய்ந்தனர். சிமித் என்னும் பெயருடையார் தமக்குள் வழிப்போக்கரைப்போலவே வேறுபட்டிருந்தனர். அற்றன்பரோ போன்ற அரிய பெயருடையாருட் பெரும்பகுதியினரோ ஒரே மூதாதையின் வழிவந்தோராகக் காணப்பட்டனர். ‘காந்தி’ திரைப்படத்தை இயக்கியவரின் பெயராக நாமறிந்த இந்த அற்றன்பரோவும் ஓர் ஊரின் பெயரே.

பெயர்களின் பரம்பலை முதன்முதல் முறையாக ஆராய்ந்தவர் கப்பி என்னும் இயற்கையியலாளர். ஒரே இடத்திலே தலைமுறை தலைமுறையாக ஊன்றிநிற்போர் கமக்காரரே எனக் கருதி, விலாசத் தொகுப்புகளில் அவர்கள் பெயர்களை எண்ணி, மாவட்டந்தோறும் எப்பெயர் எவ்வளவு செறிந்துள்ளது என்று 1890இல் ஒரு நூலாக்கினார். கப்பியின் முறை நல்லதே. ஆயினும் ஒரு குறித்த விகிதத்துக்குக் குறைந்த பெயர்களை அவர் தள்ளிவிட்டார். கமத்தை விட்டுக் கப்பலேறியோரின் அரிய பெயர்கள் அவர் சல்லடையில் நிற்கா. துவைனம் அத்தகைய பெயர். அதன் பழைய இருப்பிடம் பெரும்பாலும் ஹம்ஷயர். அங்கிருந்து அது உள்நாட்டிற் பரந்ததைவிடக் கடல்கடந்து போனதே நம் கண்ணுக்குத் தெரிகிறது. வில்லியம் துவைனத்தின் தந்தையார் காலித் துறைமுகத்தின் பொறுப்பதிகாரியாக இருந்தவர். மகன் 1827இற் பிறந்து, இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்து, வடமாகாணத்தின் அதிபரானார். 1873இல் வடமத்திய மாகாணம் பிரியும்வரை அம்மாகாணம் அனுராதபுரத்தையும் உள்ளடக்கியிருந்தது. 1896இல் ஓய்வு பெற்ற பின்னரும் அவர் இங்கிலாந்துக்குப் போய்விடவில்லை. 1922இல் இறக்கும்வரை யாழ்ப்பாணத்திலேயே வாழ்ந்தார். ஹம்ஷயர் ஆற்றங்கரையின் பெயர் பனந்தோப்புகளின் நடுவே முதுமையடைந்தது.

அதே பெயர் இன்னும் தெற்கே சென்று ஒரு மலையின்மேல் ஏறியிருக்கிறது. எட்வேட் துவைனம் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நியூ சவுத் வேல்சின் தலைமை நில அளவையாளராக இருந்தார். அவுஸ்திரேலியப் பெருநிலத்தின் மூன்றாவது உயரமான சிகரம், 2,190 மீற்றருக்கும் மேற்பட்டது, அவர் பெயரால் துவைனம் மலை என வழங்குகிறது. அம்மலை நீர்ப்பிரிமேட்டில் நிற்கிறது. அதன் கீழ்ச்சரிவில் விழும் நீர் ஸ்னோயி ஆற்றையும் மேற்சரிவின் நீர் மரே ஆற்றையும் அடைகின்றன. பெயரிட்டவர்கள் பழைய ஆங்கிலம் அறிந்து இட்டார்களல்லர். ஓர் உத்தியோகத்தரைக் கௌரவித்தார்கள், அவ்வளவே. ஆயிரம் ஆண்டுக்கு முன்னைய பொருள் அங்கே தானாகவே மீண்டும் பொருந்திவிட்டது.

தோழியரின் வினாவுக்கு இப்பொழுது வருகிறேன். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. என் பெயருக்கு முன்னால் நிற்பது தந்தையின் பெயரினது முதலெழுத்து. அவர் பெயருக்கு முன்னால் நின்றது அப்பப்பாவின் முதலெழுத்து. மணம்புரிந்தால் என் முதலெழுத்து மாறும் என்பதே நடைமுறை. அதை மாற்றப்போவதில்லை என வீட்டிற் சொல்லிவிட்டேன். அது வேறு கதை. ஒவ்வொரு தலைமுறையும் ஒரு பெயரைப் பெற்று ஒரு பெயரைக் கைவிடும் இம்முறை ஐஸ்லாந்தியரிடம் இன்றும் உண்டு. ஆங்கிலேயரிடமும் முன்பு இருந்தது. உலகின் விண்ணப்பப் படிவங்களோ ‘குடும்பப் பெயர்’ என ஒரு கட்டத்தை அச்சிட்டு வைத்திருக்கின்றன. கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் தமிழர் அக்கட்டத்தின்முன் சற்றே தயங்குவர். பிறகு எதையாவது எழுதுவர். எழுதியது உறைந்துவிடுகிறது.

1983இன் வன்செயல்களின் பின் எங்கள் குடும்பத்தில் முதலிற் புறப்பட்டவர் பெரியப்பா. 1984இல் ரொறன்ரோ சென்ற அவர் தம் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக எழுதினார். ஆகவே அவர் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அப்பப்பாவின் பெயரையே தாங்குகின்றனர். சில ஆண்டுகளின் பின் இலண்டன் சென்ற சித்தப்பா, பிள்ளைகளுக்குத் தம் சொந்தப் பெயரையே குடும்பப் பெயராகக் கொடுத்தார். ஒரே முற்றத்தில் வளர்ந்த இரு சகோதரரின் மக்கள் இன்று ஏட்டிலே வேறு வேறு குடும்பத்தினர். நூறாண்டு கழித்து ஒருவர் இப்பெயர்களின் பரம்பலைப் படமாக வரைந்தால், ஒரு பெயருக்கு ரொறன்ரோவும் மற்றொன்றுக்கு இலண்டனும் பிறப்பிடம்போலத் தோன்றலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டு ஹம்ஷயரில் நடந்ததை நூல்களிற் படிக்கிறோம். அதே நிகழ்ச்சி நம் தொலைபேசி உரையாடல்களின் நடுவே, நாம் பார்த்திருக்கவே நடந்துகொண்டிருக்கிறது. வேறுபாடு ஒன்று. துவைனத்தான் தன் ஊரைப் பெயரிற் சுமந்து சென்றான். எங்கள் அப்பப்பாவோ கோயில் திருவிழாவுக்கும் வெங்காயச் சந்தைக்கும் அப்பால் அதிகம் பயணஞ் செய்யாதவர். அவர் போகாத நாட்டில் அவர் பெயர்தான் குடியேறியிருக்கிறது.

சென்ற ஆண்டு பெரியப்பாவின் பேர்த்தி ரொறன்ரோவிலிருந்து பேசினாள். தம் குடும்பப் பெயரின் பொருளையும் தோற்றத்தையும் எழுதிவரும்படி பாடசாலையிற் சொன்னார்களாம். “சித்தி, எங்கட பேர் எந்த ஊர்ப் பேர்?” என்று கேட்டாள். அது ஊரின் பெயரன்று, முருகனின் பெயர்களுள் ஒன்று என்றேன். அவளுடைய பூட்டன் ஒருவர் அப்பெயரோடு எண்பத்திரண்டு வயதுவரை வாழ்ந்தார் என்றும் சொன்னேன். அவர் எங்கே இருந்தவர் என்று அடுத்துக் கேட்டாள். நீர்வேலி என்றேன். அந்தச் சொல்லை அவள் முன்பு கேட்டிருக்கவில்லை. எழுதிக்கொள்ள வேண்டும், மெதுவாகச் சொல்லுங்கள் என்றாள். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.